டூஷேன் வீடுகளுக்குப் போகிறவர்களுக்கு

டூஷேன் தசைச்சிதைவு உள்ள பிள்ளைகளின் குடும்பங்களோடு வேலை செய்ய முன்வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் சமூகப்பணி படித்தவர்கள். சிலருக்குச் சொந்த வீட்டிலேயே ஒரு பையன் இருக்கிறான்; நோயின் பெயர் தெரிந்தே சில மாதங்கள்தான் ஆகியிருக்கும், அதற்குள் மற்றவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்துவிட்டீர்கள். நானும் அப்படி வந்தவள்தான். என் மகன் இருபத்து மூன்று வயதுவரை இருந்தான். அவன் போன பிறகும் இந்த வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

நோயைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உருவாகாததால் தசைகள் சிறிது சிறிதாகச் சிதைகின்றன. ஆண் குழந்தைகளில் 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார். மூன்று, நான்கு வயதில் அடிக்கடி விழுவான். தரையிலிருந்து எழும்போது தன் தொடைமேலேயே கைகளை ஊன்றி ஏறி நிற்பான். கெண்டைக்கால் பருத்திருக்கும், பார்க்கிறவர்கள் நல்ல பலமான கால் என்பார்கள். பத்து, பன்னிரண்டு வயதில் நடை நின்றுவிடும். பிறகு கைகள், முதுகெலும்பு, மூச்சு, இதயம். இத்தனை ஆண்டுகளையும் ஒரு குடும்பம் தனியாகக் கடக்க முடியாது. ஒரு வீடு பட்டுத் தெரிந்துகொண்டதை அடுத்த வீடும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விட்டுவிடக் கூடாது. இந்த ஒன்றுக்காகத்தான் நாம் இருக்கிறோம்.

1. முதல் நாள் படிவம் எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வீட்டுக்குள் போனதும் பையனிடம் பேசுங்கள். என்ன படிக்கிறான், எந்த அணிக்குக் கிரிக்கெட்டில் கைதட்டுவான், யார் அவனுக்குக் கூட்டாளி என்று கேளுங்கள். அவன் எதிரிலேயே அவனைப் பற்றி அம்மாவிடம் விசாரிக்கிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் வந்து போயிருப்பார்கள். பிறகு அம்மா பேசட்டும். நடுவில் தகவல் சொல்லாதீர்கள். அவர்கள் செல்போனில் தேடிப் பார்த்து, இருபது வயதைத் தாண்டமாட்டான் என்று எங்கோ படித்துவிட்டு, அதை ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் வைத்துக்கொண்டிருப்பார்கள். கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்: அது பழைய கணக்கு, ஸ்டீராய்டு மருந்தும் இதயத்துக்கான மருந்தும் இரவில் மூச்சுக்கு உதவும் கருவியும் ஒழுங்காகக் கிடைக்கிற இடங்களில் முப்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். குணமாகிவிடும் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆறுதலுக்காகச் சொன்ன ஒரு பொய்யைக் கண்டுபிடித்துவிட்டால், அதன்பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அந்த வீடு நம்பாது.

2. அம்மாவின் மேல் விழுந்திருக்கும் பழியை இறக்கி வையுங்கள். மற்ற வேலைகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நான் போன வீடுகளில் பெரும்பாலானவற்றில் யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்லி முடித்திருப்பார்கள். கர்ப்பத்தில் கிரகணத்தைப் பார்த்தாள், சத்தானதைச் சாப்பிடவில்லை, அவள் பிறந்த வீட்டு ரத்தமே சரியில்லை. இந்தக் கடைசிப் பழிதான் மிகவும் கொடுமையானது, ஏனென்றால் அதில் அறிவியல் பேசுவதுபோல ஒரு தோற்றம் இருக்கிறது. டூஷேனுக்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையனுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, அதுவும் அம்மாவிடமிருந்துதான் வரும். அதனால் 'அம்மா வழி வந்தது' என்று யாராவது ஒரு டாக்டர் அவசரத்தில் சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மாமியார் வீடு ஆயுள் முழுக்கப் பேசும்.

நீங்கள் முழுவதையும் சொல்ல வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு அம்மாக்கள்தான் இதைச் சுமக்கிறவர்கள். மீதி மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத மாற்றம் புதிதாக நிகழ்ந்திருக்கிறது. சுமக்கிற அம்மாவும் அதைத் தேர்ந்து எடுத்துக்கொள்ளவில்லை. பிறப்பில் அவருக்கு வந்தது. பெரும்பாலும் உடலில் எந்த அடையாளமும் காட்டாமல் இருந்தது. அப்பாவின் தலைமுடி மகளுக்கு வருவதில் மகள் செய்த குற்றம் என்ன? இதைத் தனியாக அம்மாவிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. கணவர் இருக்கும்போது சொல்லுங்கள், மாமியார் காதில் விழும்படி சொல்லுங்கள், முடிந்தால் ஒரு டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள்.

'சொந்தத்தில் கட்டினோம், அதான்' என்பார்கள். நம் ஊரில் மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டிய குடும்பங்கள் நிறைய என்பதால் இந்த விளக்கம் எல்லோருக்கும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. டூஷேன் அப்படி வருவதில்லை. யாரைக் கட்டியிருந்தாலும் வந்திருக்கும். ஆனால் தசைச்சிதைவில் வேறு வகைகளும் உண்டு. இடுப்பையும் தோளையும் முதலில் தாக்கும் வகைகளில் பலவற்றுக்கு இரண்டு பெற்றோரிடமிருந்தும் அதே மாற்றம் வந்து சேர வேண்டும். அங்கே சொந்தத் திருமணம் ஒரு காரணமாக முடியும். ஆகவே எந்த வகை என்று மரபணுப் பரிசோதனை சொல்லும்வரை நீங்கள் எந்தத் தீர்ப்பும் சொல்லக் கூடாது.

3. பரிசோதனைக் காகிதத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். டாக்டருக்குப் பதிலாக இல்லை, டாக்டரிடம் சரியான கேள்வியோடு குடும்பத்தை அனுப்புவதற்காக. பையனின் ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் உயர்ந்திருக்கும். அவை கல்லீரலில் மட்டும் இருப்பவை என்று நினைத்து, மஞ்சள் காமாலைக்கு மாதக்கணக்கில் மருந்தும் பத்தியமும் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் உண்டு. தசை சிதைந்தாலும் அவை உயரும். அடிக்கடி விழுகிற பையன், குதிகால் தரையில் படாமல் விரலில் நடக்கிற பையன் என்றால் சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்; டூஷேனில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும்.

அடுத்தது மரபணுப் பரிசோதனை. டிஸ்ட்ரோபின் மரபணு மனிதருக்கு உள்ள மரபணுக்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று, அதில் எக்ஸான் என்ற துண்டுகள் 79. அந்த எண்ணை வைத்துத்தான் செப்டம்பர் 7ஆம் தேதியை (7/9) உலக டூஷேன் விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான பையன்களுக்கு ஒன்றோ சிலவோ எக்ஸான்கள் விடுபட்டிருக்கும், எம்.எல்.பி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையிலேயே அது தெரிந்துவிடும். அதில் தெரியவில்லை என்றால் மரபணுவின் எழுத்து வரிசை முழுவதையும் படிக்க வேண்டும். சதையை வெட்டி எடுத்துப் பார்ப்பது இப்போது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. கோவையில் டாக்டர் பி.ஆர். லட்சுமி உருவாக்கிய எம்.டி.சி.ஆர்.சி. மையம் டூஷேன் குடும்பங்களுக்கு இந்தப் பரிசோதனையையும் ஆலோசனையையும் தருகிற வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. எந்த எக்ஸான் என்ற விவரம் எழுதிய அந்தத் தாளை ஒரு கோப்பில் வைத்து, செல்போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாளை எந்த மருந்து வந்தாலும் முதல் கேள்வி அந்த எண்ணாகத்தான் இருக்கும்.

4. அம்மாவின் தங்கையை மறக்காதீர்கள். அம்மாவுக்கு இந்த மாற்றம் இருப்பது உறுதியானால் அவருடைய அக்கா, தங்கைகளுக்கும் இருக்கக்கூடும். அவர்களில் ஒருவர் இப்போதே கர்ப்பமாக இருக்கலாம். சொல்ல வேண்டியது அம்மா. நீங்கள் கூடப் போகலாம், அவருக்குப் பதிலாகப் போய்ச் சொல்லக் கூடாது. வீட்டு ரகசியம் வெளியே போய்விட்டது என்று ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டு வாசலும் அடைத்துவிடும்.

கர்ப்பம் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து சிறிது எடுத்துப் பார்க்கலாம். பதினாறு வாரம் வாக்கில் பனிக்குட நீரில் பார்க்கலாம். பதிவு பெற்ற மரபணு மையத்தில், மரபு நோய்க்காகச் செய்யப்படும் இந்தச் சோதனையை, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. முதல் பையனுக்கு எந்த மாற்றம் என்று முன்பே தெரிந்திருந்தால்தான் இதெல்லாம் நேரத்துக்கு நடக்கும். முடிவு என்ன என்பதில் நமக்கு எந்த இடமும் கிடையாது. கருவைக் கலைத்தவரும் வைத்துக்கொண்டவரும் நம் கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறார்கள்.

வீட்டில் சின்னப் பெண் குழந்தை இருந்தால் அவளுக்கும் இப்போதே பார்த்துவிடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். வளர்ந்து, விவரம் புரிந்து, அவளே கேட்கும்போது பார்க்கலாம். ஏழு வயதில் எடுத்த ஒரு தாள் அவள் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும். சுமக்கிற அம்மாக்களின் இதயமும் சில நேரம் பலவீனப்படும். அவர்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். மகனுக்காக எத்தனை ஆஸ்பத்திரி ஏறினாலும் தனக்கென்று ஒரு சீட்டு வாங்காத அம்மாக்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

5. ஸ்டெம் செல் ஊசி போடப் போகிறோம் என்று ஒரு குடும்பம் சொன்னால் திட்டாதீர்கள். நகையை விற்று, நிலத்தை அடமானம் வைத்து லட்சங்களைக் கட்டத் துணிகிறவர்கள் பிள்ளைமேல் உள்ள பாசத்தால்தான் துணிகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து, அந்த இடத்தில் கேட்க வேண்டியதை எழுதிக் கொடுங்கள்: இது ஆய்வா, சிகிச்சையா? ஆய்வு என்றால் ஏன் பணம் வாங்குகிறீர்கள்? சிகிச்சை என்றால் எந்த அனுமதியின் பேரில்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல்படி தசைச்சிதைவுக்கு ஸ்டெம் செல் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை ஆகாது. அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அதைக் கொடுக்கக் கூடாது.

உண்மையான புதிய மருந்துகளைப் பற்றியும் கேட்பார்கள். ஒரு மரபணு சிகிச்சைக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை 32 லட்சம் டாலர். அதை எடுத்துக்கொண்டவர்களில், நடக்க முடியாத நிலையில் இருந்த இரண்டு பேர் 2025இல் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். அந்த நிலையில் உள்ளவர்களுக்குக் கொடுப்பது அதன்பின் நிறுத்தப்பட்டது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். பாதி சொல்கிற பழக்கம் நமக்கு வேண்டாம்.

6. இன்று கையில் இருப்பதை ஒழுங்காகச் செய்ய உதவுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை நடை நிற்பதைத் தள்ளிப்போடுகிறது. டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூடத் திடீரென்று நிறுத்தக் கூடாது, அது உயிருக்கே ஆபத்து. ஊருக்குப் போனோம், மாத்திரை எடுத்துப் போகவில்லை என்று சொல்கிற குடும்பங்கள் இருக்கின்றன. பையில் பத்து நாள் மாத்திரை எப்போதும் தனியாக இருக்கட்டும்.

தினமும் குதிகால் தசைநாணை மெதுவாக நீட்டிவிடுவது அவசியம். ஆனால் உடற்பயிற்சி செய்தால் தசை ஏறும் என்று மாடிப்படி ஏறி இறங்க வைப்பது, தோப்புக்கரணம் போட வைப்பது எல்லாம் இருக்கிற தசையையும் கிழிக்கும். மாமாக்களும் தாத்தாக்களும் நல்ல எண்ணத்தோடு செய்கிற கெடுதல் இது. இயன்முறை மருத்துவரைத் தேடி நகரத்துக்கு அலைய முடியாத குடும்பம் என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

காலையில் எழுந்ததும் தலைவலி, பகலில் தூக்கம், இரவில் அடிக்கடி விழிப்பு என்று பையன் சொன்னால் அது மூச்சுக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். காத்திருக்க வேண்டாம், மூச்சுத்திறனைச் சோதிக்கக் கேளுங்கள். ஒரு சின்ன அட்டையில் மூன்று விஷயங்களை எழுதி அவன் பையிலும் அப்பாவின் பர்சிலும் வைக்கச் சொல்லுங்கள்: எனக்கு டூஷேன்; நான் ஸ்டீராய்டு எடுக்கிறேன்; மயக்க மருந்து கொடுக்கும் முன் இந்த நோயை மனத்தில் வையுங்கள், சக்சினில்கோலின் கொடுக்க வேண்டாம். கால் முறிந்து இரவு பதினொரு மணிக்கு 108 வண்டியில் போகும்போது இதையெல்லாம் நினைவு வைத்துச் சொல்ல யாராலும் முடியாது.

7. சக்கர நாற்காலியைத் தள்ளிப் போடாதீர்கள். அதில் உட்கார்ந்துவிட்டால் நடையை மறந்துவிடுவான் என்று பெற்றோர் பயப்படுவார்கள். விழுந்து தொடை எலும்பு முறிந்தால்தான் நடை அன்றே நிற்கும். நாற்காலி வந்த பிறகு முதல்முறையாகத் தெருக்கோடிக் கடைக்குத் தானே போய் மிட்டாய் வாங்கி வந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு பேட்டரியில் ஓடும் நாற்காலியைத் தமிழ்நாடு அரசு இலவசமாகத் தருகிறது. கையில் பலம் இருக்கும்போதே விண்ணப்பித்தால்தான் ஓட்டிப் பழக நாள் இருக்கும்.

8. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் எங்கே இருக்கிறது, மருத்துவச் சான்று தரும் முகாம் எந்தக் கிழமை, எந்த டாக்டர்கள் வருவார்கள் என்பதை முதலில் நீங்கள் போய்த் தெரிந்துகொள்ளுங்கள். நடக்க முடியாத பையனைத் தூக்கிக்கொண்டு போய், 'இன்றைக்கு நரம்பியல் டாக்டர் இல்லை' என்று திரும்பி வருவது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் கூலி. சான்றும் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இல்லாமல் எதுவும் நகராது. சான்றில் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் சட்டம் தரும் பெரும்பாலான பலன்கள் கிடைக்கும். இன்னும் நடக்கிற பையனுக்குக் குறைத்துப் போட்டுவிடுவதுண்டு. இது ஆண்டுக்கு ஆண்டு கூடுகிற நோய் என்பதை மரபணு அறிக்கையைக் காட்டிச் சொல்லுங்கள். அப்படியும் குறைத்தால் மறுமதிப்பீடு கேளுங்கள்.

பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். வாங்கக் கூச்சப்படுகிற அப்பாக்கள் உண்டு, குறிப்பாகக் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்கள். பிச்சை வாங்குகிறோமா என்பார்கள். சட்டம் தந்திருக்கிற ஒன்றை வாங்குகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

9. பள்ளிக்கூடத்தை விடவே விடாதீர்கள். இந்தப் பையன்கள் நடையை இழக்கும் வயதும் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி மாறுகிற வயதும் ஒன்றாக வந்து விழுகின்றன. புதுப் பள்ளியில் வகுப்பு மாடியில் இருக்கும். கழிப்பறையில் படி இருக்கும். தலைமையாசிரியர் இரக்கத்தோடுதான் சொல்வார்: 'எதுக்கும்மா இவனைக் கஷ்டப்படுத்துறீங்க, வீட்டிலேயே வச்சுக்கோங்க, பாஸ் போட்டுடறோம்.' அந்த இரக்கத்தில் அடுத்த பத்து வருடம் அவன் ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வியை உரிமையாகத் தருகிறது. கட்டடத்தை அணுகக்கூடியதாக வைக்க வேண்டியது பள்ளியின் கடமை என்று 16ஆவது பிரிவு சொல்கிறது. சட்டத்தைச் சொல்லுங்கள், ஆனால் அதோடு முதல் நாளே சண்டைக்குப் போகாதீர்கள். அந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். செலவே இல்லாத மாற்றம் அது. கேட்டால் பெரும்பாலும் செய்துவிடுகிறார்கள். கழிப்பறைக்கு ஒரு சாய்தளம், ஒரு கைப்பிடி. ஊராட்சித் தலைவரிடம் கேட்டால் ஒரு கொத்தனாரின் ஒரு நாள் வேலை. தண்ணீர் குடித்தால் போக வேண்டியிருக்கும் என்று காலையிலிருந்து மாலைவரை தொண்டை வறளக் குடிக்காமல் இருக்கிற பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களிடம் சொல்லுங்கள். பலருக்கு அது தெரியவே தெரியாது, தெரிந்ததும் கலங்கிப்போகிறார்கள்.

வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் திட்டம் நல்லது. உடம்பு முடியாத காலத்துக்கு அது வேண்டும். பள்ளிக்கு வர முடிகிற பையனை வெளியேற்ற அதை ஒரு வழியாக்குவதை நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. பொதுத்தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கேட்டு, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே மனுக் கொடுக்க வேண்டும். மார்ச்சில் ஓடக் கூடாது.

10. அப்பாக்களிடம் பேச ஓர் ஆண் போகட்டும். அக்கா தங்கைகளிடம் பேச யாராவது நிச்சயமாகப் போகட்டும். அந்த வீட்டில் மற்ற குழந்தைகளின் பிறந்தநாள் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று பாருங்கள்.

11. குடும்பங்களின் கூட்டம் நடத்தும் மண்டபத்துக்குப் படி இருக்கக் கூடாது. உட்காரும் கழிப்பறை இருக்க வேண்டும். இவை இரண்டும் சரியாக இல்லாமல் எத்தனை பெரிய டாக்டரை அழைத்தாலும் அது நம் கூட்டம் ஆகாது. டாக்டர் பேச்சு ஒரு மணி நேரத்தைத் தாண்டவும் வேண்டாம். வந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வந்தவர்கள். முதுகில் புண் வராமல் இரவில் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, எந்த ஆட்டோக்காரர் நாற்காலியை மடித்து ஏற்றுவார், குளியலறைக் கதவை எத்தனை அடிக்கு அகலப்படுத்தினீர்கள்: இந்தப் பேச்சு எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது.

புதிதாகத் தெரிந்துகொண்ட பெற்றோரை நேராகப் பெரிய கூட்டத்துக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். ஐந்து வயதுப் பையன் ஓடிக்கொண்டிருக்க, மூச்சுக் கருவியோடு சாய்ந்திருக்கிற பத்தொன்பது வயது இளைஞனை அவர்கள் முதல்முறை பார்க்கும் இடம் அதுவாக இருக்கக் கூடாது. முதலில் ஒரே ஒரு குடும்பத்தை அறிமுகப்படுத்துங்கள். அதே நேரம் அந்த இளைஞனை யார் கண்ணிலிருந்தும் மறைக்கவும் கூடாது. அவன் கணினியில் படம் வடிவமைத்துச் சம்பாதிக்கிறவனாக இருப்பான், கல்லூரித் தேர்வுக்குப் படிக்கிறவனாக இருப்பான். ஓர் அம்மா அவனிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்து, 'அக்கா, அந்தத் தம்பி எனக்குத் தைரியம் சொல்றான்' என்றார்.

12. பிள்ளையை அழவைத்துப் படம் எடுத்து நன்கொடை கேட்காதீர்கள். பேசத் தெரிந்த இளைஞர்களிடம் மேடையைக் கொடுங்கள். சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள் இருவருமே தசைச்சிதைவோடு வளர்ந்தவர்கள். தங்களைப் போன்றவர்களுக்காக ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி நடத்தியது அவர்களே. பெண்களுக்கும் இந்த நோயின் வேறு வகைகள் வரும் என்பதையே நிறையப் பேர் அவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

13. அரசிடம் கேட்கப் போகும்போது எண்ணிக்கையோடு போங்கள். 'உங்க மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்காங்க?' என்றுதான் எந்த அதிகாரியும் முதலில் கேட்பார். 'நிறையப் பேர் சார்' என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஒன்றியம் வாரியாகப் பெயர், வயது, நடக்கிறானா, பள்ளிக்குப் போகிறானா, உதவித்தொகை வருகிறதா என்று ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தின் ஒப்புதல் இல்லாமல் அதில் ஒரு பெயரும் ஏறக் கூடாது. அந்தப் பதிவேடு உங்கள் கையை விட்டு வெளியே போகவும் கூடாது. அதிகாரிக்கு எண்ணிக்கை மட்டும் போதும்.

மனு ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும், ஒரே ஒரு கோரிக்கை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து, பதிவு எண் வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வரவில்லையென்றால் அந்த எண்ணைச் சொல்லித் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார், நீதிமன்றம் இருக்கிறது.

நமக்காக மட்டும் கேட்காதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன, தசைச்சிதைவு என்ற பெயரே அதில் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றபோது நம் பிள்ளைகளும் ஹீமோபீலியா, தலசீமியா பிள்ளைகளும் ஒன்றாகத்தான் உள்ளே வந்தார்கள். பார்வையற்றவர்களும் காது கேளாதவர்களும் கால் ஊனமுற்றவர்களும் பல ஆண்டுகள் தெருவில் உட்கார்ந்து போராடியதன் பலனில் நமக்கும் பங்கு கிடைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் சங்கம் உதவித்தொகையை உயர்த்தக் கேட்டு மறியல் செய்யும் நாளில் நம் குடும்பங்களும் அங்கே இருக்க வேண்டும். ஆந்திராவில் 2024இலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 6,000 ரூபாயும், கடுமையான தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு 15,000 ரூபாயும் தருகிறார்கள். பக்கத்து மாநிலத்தால் முடிகிறது என்பதைவிட வலுவான வாதம் எந்த மனுவிலும் கிடையாது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வந்தது. சிறப்பு மையங்கள் மூலம் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய்வரை உதவி என்கிறது. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் அந்த மையங்களில் ஒன்று. ஆயுள் முழுக்க எடுக்க வேண்டிய மருந்துக்கு அந்தத் தொகை எத்தனை நாளைக்கு வரும் என்று டெல்லி உயர் நீதிமன்றம்வரை போய்க் கேட்டவர்களில் டூஷேன் பிள்ளைகளின் பெற்றோரும் இருந்தார்கள்.

2025இல் நம் சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தங்களை நிறைவேற்றியது. நம் பையன்களில் வயது வந்தவர்களை அந்த இடங்களுக்கு விண்ணப்பிக்க வையுங்கள். சாய்தளம் கேட்டு மனுக் கொடுக்கிற அப்பாவும், சாய்தளத்துக்குத் தீர்மானம் கொண்டுவருகிற மகனும் ஒரே வீட்டில் இருக்க முடியும்.

14. பிள்ளை இறந்தால் போங்கள். என்ன பேசுவது என்று தெரியவில்லையே என்று தயங்கி நிற்காதீர்கள். அவன் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். 'கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தான்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கும் விடுதலை என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே தடுத்துவிடுங்கள். இருபது வருடம் இரவில் நான்கு முறை எழுந்து புரட்டிப் போட்ட அம்மாவுக்கு அதன்பிறகும் அந்த நேரத்துக்கு விழிப்பு வரும். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார்.

மூச்சுக் கருவியையும் நாற்காலியையும் அடுத்த பையனுக்குத் தருவீர்களா என்று காரியம் முடிவதற்குள் கேட்காதீர்கள். அவர்களே சொல்வார்கள், சில வீடுகளில் ஒரு வருடம் கழித்துச் சொல்வார்கள், சில வீடுகளில் சொல்லாமலே வைத்துக்கொள்வார்கள். அதற்காக அந்தக் குடும்பத்தைத் தொலைபேசிப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். மகன் இல்லை என்பதால் கூட்டத்துக்கு அழைப்பு நின்றுபோன அம்மாக்களை எனக்குத் தெரியும். மகனோடு சேர்த்து, அவனால் கிடைத்த அத்தனை உறவையும் ஒரே மாதத்தில் இழந்தவர்கள் அவர்கள். அடுத்த கூட்டத்துக்கு எப்போதும்போல அழையுங்கள். வருவதும் வராததும் அவர் விருப்பம். வந்தால் பின் வரிசையில் உட்கார வைத்துவிடாமல், அன்றைக்குப் புதிதாக வந்திருக்கிற ஒரு குடும்பத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுங்கள்.